புட்கார்டனில் இறங்கினோம்

கப்பலில் போகிறீர்களா, ரயிலில் போகிறீர்களா என்று லில்லி கேட்டபோது அக்கா நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து இரவல் கம்பளிக் காலுறையைக் காலில் ஏற்றப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். பாதி ஏறிய காலுறையோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். "ரயில்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது" என்று அவசரமாகச் சொன்னேன்.

நாங்கள் ஹாம்பர்க் வந்து மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. லில்லி குன்னத்துகால்காரி. எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள். பதினெட்டு வருடமாக இந்த ஊரில் நர்ஸாக இருக்கிறாள். பாறசாலையில் புவியியல் வாத்தியாரான நானும், பூவாரிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அப்பால் போயிராத என் அக்கா தங்கபாயும் 1995 ஏப்ரல் மாதம் ஜெர்மனியில் வந்து இறங்கிய கதையில் விசா, டிக்கெட், சிபாரிசுக் கடிதம் என்று நிறைய உண்டு. அதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் எனக்கே தலைவலி வரும். எதற்காக வந்தோம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் ஒரே மகன் செல்வின் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். டென்மார்க் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது இரும்பு ஏணியில் கால் சறுக்கிக் கப்பலின் அடித்தட்டில் விழுந்துவிட்டான். இடுப்பெலும்பு நொறுங்கி, வயிற்றுக்குள் ரத்தம் கட்டி, அந்த நாட்டின் தீவு ஒன்றிலுள்ள சிறு பட்டணத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஒரு ஆபரேஷன் முடிந்திருந்தது. இரண்டாவது, பெரியது, புதன்கிழமை காலை. நாங்கள் ஹாம்பர்க்கில் இறங்கியது திங்கட்கிழமை. தாய் பார்க்க வேண்டுமென்றால் செவ்வாய் மாலை ஏழு மணிக்குள் வந்துவிடட்டும், அதன்பிறகு யாரையும் உள்ளே விடமாட்டோம் என்று டாக்டர் லில்லியிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஆபரேஷன் கொஞ்சம் கடினம்தான் என்றும் சொன்னாராம். அதை லில்லி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு மலையாளத்தில் சொன்னாள். நான் அக்காவிடம் ஏழு மணி விஷயத்தை மட்டும் சொன்னேன்.

கப்பல் ஏன் கூடாது என்பதற்கு இருபத்திரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது பூவாரில். நாங்கள் பிறந்த வீடு நெய்யாற்றுக்கு அக்கரையில். வள்ளத்தில் ஏறினால் பத்து நிமிடம். செல்வினுக்குப் பதினொரு வயதில், அவன் ஏறிப்போன வள்ளம் ஆறு கடலோடு சேரும் பொழிமுகத்தில் கவிழ்ந்தது. மீன்பிடிக்கிறவர்கள் அவனைத் தூக்கிக் கரையில் போட்டபோது மூச்சில்லை. அக்கா மணலில் முழங்கால் போட்டுப் பொருத்தனை செய்தாள். பிள்ளையைத் திருப்பித் தந்தால் சாகும்வரை தண்ணீரில் ஓடுகிற எதிலும் ஏறமாட்டேன் என்றாள். பிள்ளை தண்ணீரைக் கக்கிக்கொண்டு கண் திறந்தான்.

அன்று முதல் அவள் பிறந்த வீட்டுக்கு வருவதென்றால் நெய்யாற்றின்கரைக்கு ஒரு பஸ், அங்கே மாறி இன்னொரு பஸ், பிறகு நடை. எல்லாமாக இரண்டரை மணி நேரம். அம்மா இறந்த அன்றும் அப்படித்தான் வந்தாள். துக்க வீட்டுப் பாட்டு ஆற்றைத் தாண்டி அவள் வாசலில் கேட்டிருக்கும். ஆனாலும் சவப்பெட்டியை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்து சேர்ந்தாள். எனக்கு அன்று அவள்மேல் கோபம் வந்தது. இப்போதும் அதை நினைத்தால் கொஞ்சம் வரும்.

அந்தப் பிள்ளையே கப்பல் வேலைக்குப் போனதை என்னவென்று சொல்ல. அத்தான் உயிரோடிருந்தால் தடுத்திருப்பார். அக்கா பத்து நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அப்போது செல்வின் அவளிடம் ஒன்று சொன்னான். "நீ தண்ணியில ஏறாம இருக்குத வரைக்கும் எனக்கு ஒண்ணும் வராது அம்மா. அந்த தைரியத்துலயாக்கும் நான் போறேன்." அதன்பிறகு எந்தத் துறைமுகத்திலிருந்து கடிதம் போட்டாலும் அடியில் ஒரு வரி இருக்கும். அம்மை வள்ளத்தில் ஏறவில்லையே? முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒருமுறை மத்தியதரைக்கடலில் புயலில் மாட்டித் தப்பிய பிறகு வந்த கடிதத்தில் அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான்.

ஆகவே ரயில். போன வருடம் அந்தப் பக்கத்துக் கடலில் பெரிய பயணிகள் கப்பல் ஒன்று ஆட்களோடு முழுகிப்போன படத்தைப் பத்திரிகையில் பார்த்திருந்தேன். அதனால் பொருத்தனை எதுவும் செய்திராத எனக்கும் ரயில்தான் நிம்மதி. பள்ளிக்கூட அட்லஸைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். லில்லியின் சாப்பாட்டு மேசையில் அதை விரித்துப் பார்த்தேன். ஹாம்பர்க்கிலிருந்து ஒரு கறுப்புக் கோடு வடகிழக்கே போய், நீலத்தைத் தாண்டி, டென்மார்க்கின் தீவுகளுக்குள் நுழைந்தது. கோடு எங்கும் அறுபடவில்லை. பாலம் இருக்கிறது என்றேன். லில்லி வேலைக்குக் கிளம்பிக்கொண்டே, "ரயிலெங்கில் ஒரே வண்டியாக்கும் சாறே. இஞ்ச ஏறினா அங்க எறங்கினா போதும்" என்றாள். வண்டி கடலை எப்படித் தாண்டும் என்று நான் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் தலையாட்டி வைப்பது வாத்தியார்களுக்கே உள்ள வியாதி.

அன்று மாலை லில்லியின் வீட்டில் சோறும் தேங்காய் அரைத்த மீன்கறியும். மீன் ஏதோ குளிர்ப்பெட்டி மீன். தேங்காயும் பொட்டலத்தில் வந்த தூள். ஆனாலும் அக்கா மூன்று நாளுக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். லில்லியின் ஜெர்மன் கணவர் எங்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று காடியில் ஊறிய பச்சை மீன் ஒன்றை வெங்காயத்தோடு கொண்டுவந்து வைத்தார். அக்கா அதை முகர்ந்துவிட்டு, இதை வேகவைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது, பாவம், மெதுவாகச் சொல் என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் விபத்து. லில்லி டூட்டி முடிந்து நேரே பெரிய ஸ்டேஷனுக்கு வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தாள். அதுவரை டவுன் ரயிலில் நாங்களே போக வேண்டும். வண்டி வந்து நின்றது. எங்கள் முன்னால் இருந்த கதவு திறக்கவில்லை. திறக்கும் என்று பவ்யமாக நின்றுகொண்டிருந்தோம். உள்ளேயிருந்த ஒரு கிழவர் எங்களைப் பார்த்துக் கையை முறுக்கிக் காட்டினார். கையசைக்கிறார் என்று நினைத்து நானும் அசைத்தேன். வண்டி போய்விட்டது. கைப்பிடியை நாமே இழுத்துத் திறக்க வேண்டுமாம். ஒரு கதவைத் திறக்கத் தெரியாதவன் ஒரு கடலைத் தாண்டி இவளை எப்படிக் கொண்டு சேர்ப்பேன் என்று எனக்கு வியர்த்தது. அக்காவின் இரண்டு பைகளையும் என் பெட்டியையும் எண்ணினேன். மூன்று. சட்டைப்பைக்குள் பாஸ்போர்ட் இரண்டு. அந்தப் பயணம் முழுவதும் ஐந்து நிமிடத்துக்கொரு தரம் இப்படி எண்ணிக்கொண்டேதான் இருந்தேன்.

பெரிய ஸ்டேஷனில் லில்லி எங்களைச் சரியான பெட்டியில் ஏற்றி உட்காரவைத்தாள். வேறு எங்கும் எறங்கிராதீங்கோ என்று இரண்டு முறை சொன்னாள். நான் மூன்று முறை தலையாட்டினேன்.

எங்களுக்கு எதிரே ஒரு அம்மாளும் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாயும். டிக்கெட் பரிசோதகர் வந்தபோது அந்த அம்மாள் தனக்கொரு டிக்கெட்டும் நாய்க்கொரு டிக்கெட்டும் நீட்டினாள். அவர் இரண்டிலும் துளை போட்டுவிட்டு நாயிடமும் நன்றி என்றார். எங்களூர் பஸ்ஸில் ஒரு கோழியைக் கொண்டு ஏறினால் கண்டக்டர் பூவாரிலிருந்து நெய்யாற்றின்கரை வரை வைதுகொண்டே வருவார். அக்காவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. மடியில் முந்திரிக்கொத்துப் பொட்டலம். செல்வினுக்குப் பிடித்தது. வயிற்றில் ஆபரேஷன் செய்யப்போகிறவன் இதைத் தின்ன முடியாது என்று ஊரிலேயே சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

"தண்ணி எப்போ வரும்?" என்று அவள் லூபெக் தாண்டியதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வந்தால் சொல்கிறேன் என்றேன். அவளைவிட நான்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பகல் தாண்டியபின் வந்தது. வண்டி ஏற ஆரம்பித்தது. மேலே இரும்பு வளைவுகள், கீழே சாம்பல் நிறத்தில் கடல், தூரத்தில் பாய்மரப் படகுகள். பாலம்! என் அட்லஸ் பொய் சொல்லவில்லை. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு உதடு அசையாமல் ஜெபித்தாள். இரண்டு நிமிடம்கூட இருக்காது. மறுபடியும் வயல்வெளி. "கடல் கழிஞ்சாச்சு அக்கா" என்றேன். அவள் கண்ணைத் திறந்து, இவ்வளவுதானா என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு பொட்டலம் பிரித்துத் தின்றதில்லை. லில்லி கட்டிக்கொடுத்த ரொட்டியும் அவித்த முட்டையும்தான்.

கால் மணி நேரத்தில் வண்டி ஒரு பெரிய ஸ்டேஷனில் நின்றது. புட்கார்டன் என்று பலகை. சீருடை போட்ட இருவர் ஏறி பாஸ்போர்ட் கேட்டார்கள். புரட்டிப் பார்த்து, முத்திரை குத்தி, ஒருவர் முன்பக்கம் கையைக் காட்டி, "டென்மார்க்" என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்னாலிருந்த எஞ்சினைக் கழற்றி ஓட்டிக்கொண்டு போனார்கள். சிலர் பிளாட்ஃபாரத்தில் இறங்கி நின்றார்கள்.

எல்லை வந்துவிட்டது என்று எனக்கு உடனே புரிந்தது. எங்களுக்கு எல்லையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேரளத்துப் பாறசாலையிலிருந்து மாநில எல்லையைத் தாண்டிக் களியக்காவிளைக்குப் போனால் நம் பஸ் இந்தப் பக்கம் நின்றுவிடும். மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி, செக்போஸ்டைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கத்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து இதைத்தான் செய்கிறோம். ஒரு ஊர்க்காரனின் வண்டி இன்னொரு ஊர்க்காரனின் மண்ணில் எதற்கு ஓடப்போகிறது? லில்லி சொன்னது எனக்கு நினைவு வந்தது. அவள் இங்கே வந்து பழகியவள், எல்லையில் வண்டி மாறுகிற வழக்கத்தை மறந்துவிட்டாள் என்றுகூட நினைத்தேன். நான் சொல்வதற்கு முன்பே அக்கா எழுந்து பையைத் தூக்கியிருந்தாள். நாய்க்கார அம்மாள் ஏதோ சொன்னாள். நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கினோம்.

மூன்று உருப்படியையும் எண்ணி முடித்து நிமிர்ந்தபோது வெளியே நின்றவர்கள் சிகரெட்டை அணைத்துவிட்டு ஏறிக்கொண்டார்கள். பின்பக்கத்திலிருந்து வேறொரு எஞ்சின் வண்டியைத் தள்ள ஆரம்பித்தது. எங்கள் பெட்டி எங்களைத் தாண்டி மெல்லப் போயிற்று. ஜன்னலில் நாய். அந்த அம்மாள் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பிளாட்ஃபாரம் முடியும் இடத்தில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம் வாயைப் பிளந்து நின்றது. தண்டவாளம் நேரே அதற்குள் போனது. வண்டியும் போனது. பெட்டி பெட்டியாக உள்ளே போய் மறைந்தபிறகுதான் அந்தக் கட்டடத்துக்குப் புகைபோக்கி இருப்பதையும் அது லேசாக அசைவதையும் பார்த்தேன்.

அக்கா எனக்கு முன்பே பார்த்துவிட்டாள். மூங்கில் கம்புபோல் நின்றாள்.

"தாசு," என்றாள், "அது கப்பலாக்கும்."

ஆமாம் என்றேன்.

"நீ அறிஞ்சுட்டாக்கும் என்ன கூட்டிட்டு வந்த?"

தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்றேன். சத்தியம் செய்யக்கூடாது என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். அன்று அதற்கும் வையவில்லை. பிளாட்ஃபாரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். கப்பலின் வாய் மூடி, சங்கு ஊதி, அது போவதையும் அங்கிருந்தே பார்த்தோம். காற்று பல்லைக் கிட்டவைத்தது. மணி ஒன்றே முக்கால்.

ஒரு ஸ்டேஷன் அதிகாரியைப் பிடித்தேன். என் பள்ளிக்கூட இங்கிலீஷும் அவருடைய இங்கிலீஷும் சேர்ந்து கால் மணி நேரத்தில் ஒரு முடிவுக்கு வந்தன. இங்கிருந்து அந்தத் தீவுக்குப் பாலம் கிடையாது. நான் பார்த்தது வேறு பாலம், ஜெர்மனியையும் ஜெர்மனியின் தீவு ஒன்றையும் சேர்ப்பது. ரயில் ஏறும் அடுத்த கப்பல் ஐந்து மணிக்கு. அதில் போனால் ஆஸ்பத்திரிக்கு ஏழரைக்குமேல் ஆகும். ஆனால் ஆட்கள் நடந்து ஏறும் கப்பல் இரண்டரைக்கே உண்டு, அதோ அந்த மேம்பாலத்தில் ஏறிப்போனால் போதும், அக்கரையில் உள்ளூர் ரயில் கிடைக்கும், ஆறு மணிக்குள் போய்ச் சேரலாம் என்றார். ஏன் இறங்கினீர்கள், வண்டியிலேயே இருந்திருக்கலாமே, கப்பலுக்குள்ளும் உங்கள் இருக்கையிலேயே இருக்கலாம் என்று அவர் கேட்டார். களியக்காவிளையை அவருக்கு எங்கிருந்து விளக்குவது?

ஆனால் அவர் சொன்னது எனக்கு ஒரு வழியைக் காட்டியது. பெஞ்சுக்கு ஓடினேன். ஐந்து மணி ரயிலில் ஏறி உட்கார்ந்துவிடுவோம், இருக்கையை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம், கப்பலில் ஏறுவது ரயில்தான், நீ அல்ல, பொருத்தனைக்கு ஒரு குறையும் வராது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். கொஞ்சம் தாமதமானால் லில்லியை விட்டு ஆஸ்பத்திரியில் கெஞ்சச் சொல்லலாம் என்றும் சேர்த்தேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"ரயிலு கப்பலுக்குள்ள இருக்கும்போ நான் எங்க இருப்பேன்?"

"ரயிலுக்குள்ள."

"அப்போ கர்த்தருக்குக் கண்ணு தெரியாதாக்கும்?"

ஏழு மணிக்குப் பிறகு உள்ளே விடுவார்களா என்று கேட்டாள். தெரியாது என்றேன். ஆபரேஷன் கடினமானது என்று லில்லி உன்னிடம் சொன்னாளா என்று கேட்டாள். நான் அட்லஸைப் பையில் வைப்பதுபோல் குனிந்தேன். சமையலறையில் பேசியது கூடத்தில் கேட்காது என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல.

அவள் கொஞ்ச நேரம் கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஜெபித்தாளா, சும்மா இருந்தாளா தெரியவில்லை. இவள் இங்கேயே உட்கார்ந்துவிட்டால்? ஏறி, அங்கே போனபிறகு அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மீதி ஆயுளுக்கும் இவள் அதைச் சுமப்பாள். நானும் சுமப்பேன். அம்மா இறந்த அன்று இவள்மேல் கோபப்பட்டவன், இன்று ஏறு என்று ஒரு வார்த்தை சொல்லப் பயந்து நின்றேன்.

இரண்டு மணி தாண்டி ஐந்து நிமிடம் இருக்கும். எழுந்தாள்.

"இருவத்திரெண்டு வருசம் அவனுக்கு வேண்டியாக்கும் ஏறாம இருந்தேன். இப்போ ஏறுததும் அவனுக்கு வேண்டியாக்கும். தெற்று குற்றம் உண்டுன்னா அது எனக்க தலையில வரட்டும், அவனுக்க தலையில வேண்டாம்." பையைத் தூக்கிக்கொண்டாள். "வா லே. வெப்ராளப்படாத."

பதறிக்கொண்டிருந்தது நான்தான் என்பதை அவளும் கவனித்திருக்கிறாள். மேம்பாலத்தில் அவள் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. கப்பலின் வாசலில் தரை இரும்பாக மாறுமிடத்தில் ஒரு கணம் நின்றாள். பிறகு வலது காலும் இடது காலும் உள்ளே போய்விட்டன.

உள்ளே அது கப்பல் மாதிரியே இல்லை. மெத்தை இருக்கைகள், கண்ணாடி ஜன்னல்கள், காப்பிக்கடை. ஒரு பக்கம் பெரிய கடை. டென்மார்க்காரர்கள் பெட்டி பெட்டியாக பீர் வாங்கிச் சின்னத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கரையில் விலை அதிகமாம். எங்களூரில் எல்லை தாண்டி அரிசியை ஒளித்துக் கொண்டுவருகிற பெண்கள் செக்போஸ்டில் விழிப்பதுபோல் யாரும் விழிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கா உட்காரவில்லை. ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார் என்று இரண்டு முறை சொன்னேன். சுகமாகப் போகவா வந்தேன் என்றாள். காப்பிக்கடைப் பெண் என்னிடம் வந்து, உங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். அம்மா இல்லை, அக்கா, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். இருக்கைகளுக்குத் தனிக்கட்டணம் கிடையாது என்று அவரிடம் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். அக்கா அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

நடுக்கடலில் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. கோப்பைகள் கிலுங்கின. பத்திரிகையில் பார்த்த படம் என் கண்முன் வந்தது. மிதவைச் சட்டைகள் எங்கே இருக்கின்றன என்று சுவரில் போட்டிருந்த படத்தை மூன்று முறை படித்தேன். அக்கா கண்ணை மூடியிருந்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கர தெரியுதா?" தெரிகிறது என்றேன். வெளியே மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து ஐம்பது. வெயில்கூட இருந்தது. ஒரு இளம் நர்ஸ் எங்கள் கையைக் கழுவச்சொல்லி, பச்சை அங்கி போட்டு, ஒரு தனி அறைக்குள் கூட்டிப்போனாள். அவ்வளவு அமைதியான ஆஸ்பத்திரியை நான் பார்த்ததில்லை. திருவனந்தபுரத்தில் என்றால் வராந்தா முழுக்கத் தூக்குப்பாத்திரமும் பாயுமாக ஆட்கள் இருப்பார்கள். நாலு பேர் அழுவார்கள், எட்டு பேர் சமாதானம் சொல்வார்கள். இங்கே எங்கள் காலடிச் சத்தமே எனக்குப் பயத்தைத் தந்தது.

செல்வின் கட்டிலில் பாதியாகக் கிடந்தான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, மூக்கில் குழாய். தாயைப் பார்த்ததும் கண் பெரிதாகியது. சந்தோஷம் வருவதற்கு முன்னால் அந்தக் கண்ணில் வேறு ஒன்று வந்தது. எனக்கு அது தெரியும். காலையிலிருந்து எனக்குள் இருந்த அதே பயம்.

"எப்பிடி அம்மா வந்த?" என்றான். குரல் காற்றாக வந்தது.

"ரயிலில மக்கா," என்றாள் அக்கா. "ஒரே வண்டி. நேரா கொண்டு விட்டான்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவள் கண் இமைக்காமல் மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தான். "அப்போ சரி" என்றான். கண்ணை மூடினான். அவன் முகம் தளர்ந்தது. ஏழு மணிக்கு நர்ஸ் வந்து எங்களை வெளியே அனுப்பினாள்.

மறுநாள் ஆபரேஷன் ஐந்து மணி நேரம். எங்களுக்குக் காப்பி கொடுத்தார்கள், சூப் கொடுத்தார்கள், இரண்டும் ஒரே நிறமாக இருந்தது. அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது மணி நேரத்தில், "நான் ஏறியிருக்கக் கூடாதோ?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏறாமலிருந்தால் அவனை நேற்றுப் பார்த்திருக்க முடியாது என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் எனக்கும் தெரியாது. டாக்டர் வெளியே வந்தார். தாங்கிக்கொண்டான், இனி நடப்பதற்கு மாதங்கள் ஆகும், ஆனால் நடப்பான் என்றார். நான் மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் அக்கா அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூக்குக் குழாயை எடுத்தார்கள். செல்வின் இரண்டு கரண்டி கஞ்சி குடித்தான். அக்கா பாத்திரத்தைக் கழுவ அறையோடு ஒட்டிய குளியலறைக்குப் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டதும் அவன் என்னைப் பக்கத்தில் வரச்சொன்னான்.

"மாமா, கப்பல்ல அம்மைக்குத் தல கறங்கி வாந்தி வந்துதா?"

எந்தக் கப்பல் என்று கேட்டேன்.

"எனக்கிட்டயா மாமா? ஜெர்மனியிலேருந்து இந்தத் தீவுக்கு ரயிலும் கப்பல்ல ஏறித்தான் வரணும். வேலைக்குக் கப்பல் மாறும்போ நானே ஏழெட்டு தடவ அப்பிடி வந்திருக்கேன்."

அப்படியானால் அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்று கண்ணை மூடித் திறந்தான். வாந்தியெல்லாம் வரவில்லை, ஒரு மணி நேரமும் நின்றுகொண்டே வந்தாள் என்றேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயமாக இருக்கவில்லையா என்று கேட்டேன்.

"பேடிச்சுத்தான் கெடந்தேன். ஆனா அம்மை அதச் சொல்லிட்டு எனக்க மொகத்தையாக்கும் பாத்துட்டு நின்னா. நான் நம்பல்லன்னு தெரிஞ்சா அவ அங்ஙனயே விழுந்திருப்பா."

குழாய்ச் சத்தம் நின்றது. அக்கா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இரண்டு பேரும் என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டாள்.

"ரயிலு சொகமா இருந்துதான்னு மாமாகிட்ட கேட்டேன்" என்றான் செல்வின்.

"ஓ, ஒரு குலுக்கமும் இல்ல மக்கா" என்று சொல்லிவிட்டு அவன் கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டாள்.